நான் உள்ள போனதும் அவங்க மொழி மாறிடும்

ரெண்டு வருஷம் டென்மார்க்ல மாஸ்டர்ஸ் படிச்சேன். கடல் சூழலியல் சம்பந்தப்பட்ட கோர்ஸ், முழுக்க முழுக்க இங்கிலீஷ்ல. டேனிஷ்ல இருந்திருந்தா நான் அந்தப் பக்கம் தலைவச்சே படுத்திருக்க மாட்டேன். அதனால இந்த ஏற்பாட்டால பலன் அடைஞ்ச ஆள் நான், அதை முதல்லயே சொல்லிடறேன். பலன் அடைஞ்சதாலதான் அதுக்கு இன்னொரு பக்கம் யார் என்ன விலை கொடுக்கறாங்கன்னு கிட்ட இருந்து பாக்க முடிஞ்சுது, அதைத்தான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டே இருந்தேன்.

முதல் செமஸ்டர்ல ஒரு குரூப் ப்ராஜெக்ட். நாலு பேர், மூணு பேர் டேனிஷ்காரங்க, நாலாவது நான். லைப்ரரிய ஒட்டி கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ரூம். ஒருநாள் கொஞ்சம் லேட்டா போறேன், கதவுக்கு வெளிய நின்னு பேக்ல இருந்து லேப்டாப் எடுத்துட்டே உள்ள பாக்கறேன். ஒருத்தி போர்டுல கிராஃப் போட்டு கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிட்டு இருக்கா, அவ முடிக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவன் எழுந்து மார்க்கரைப் பிடுங்கி அவ போட்ட கோட்டை உள்ளங்கையால அழிச்சுட்டு வேற மாதிரி போடறான், மூணாவது பொண்ணு தலையில கைய வச்சுட்டு சிரிக்கறா, மூணு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க. நான் கதவைத் திறந்தேன். ரெண்டு செகண்ட் சத்தம் இல்ல. அப்புறம் இங்கிலீஷ்.

யாரும் முகம் சுளிக்கல, அது அவங்களுக்கு ஒரு மரியாதை, ரூம்ல ஒருத்தருக்கு டேனிஷ் தெரியலன்னா எல்லாரும் மாறிடுவாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்த ஒன்றரை மணி நேரத்துல யாரும் யார் கையில இருந்தும் மார்க்கரைப் பிடுங்கல. ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் மத்தவங்க பொறுமையா காத்திருந்தாங்க, "நல்ல பாயிண்ட்"னு சொன்னாங்க, அடுத்தவர் பேசினார். சண்டையே வரல. வெளிய இருந்து பார்த்த கிராஃப் தகராறு என்ன ஆச்சுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. என் இங்கிலீஷுக்கு ஏத்த மாதிரி அவங்க யோசனைய சின்னதா மடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னு எனக்குப் புரியறதுக்கே ஆறு மாசம் ஆச்சு.

இது ஏதோ ஒரு யுனிவர்சிட்டி கதைன்னு நினைச்சுடாதீங்க. ஐரோப்பாவுல இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத நாடுகள்ல முழுசா இங்கிலீஷ்லயே நடத்தற டிகிரி கோர்ஸ்களை பெர்ன்ட் வெக்டர், ஃப்ரீட்ஹெல்ம் மைவோர்ம்னு ரெண்டு பேர் தொடர்ந்து எண்ணிட்டு வந்திருக்காங்க. 2001ல 725. 2007ல 2,389. 2014ல 8,089. பதிமூணு வருஷத்துல பதினோரு மடங்கு. நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டி 2020 ஜனவரியில இருந்து தன்னோட அலுவல் மொழியையே இங்கிலீஷ் ஆக்கிடுச்சு, அதாவது பாடம் மட்டும் இல்ல, மீட்டிங், சர்க்குலர், இமெயில் எல்லாம். ஜப்பான்ல 2009ல "குளோபல் 30"ன்னு ஒரு அரசுத் திட்டம், 13 யுனிவர்சிட்டிகள்ல இங்கிலீஷ்லயே சேர்ந்து இங்கிலீஷ்லயே டிகிரி வாங்கிட்டுப் போற மாதிரி.

ஏன்னு கேட்டா நிறைய காரணம் சொல்லுவாங்க. 1999 பொலோன்யா ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஐரோப்பா முழுக்க டிகிரி அமைப்பு ஒரே மாதிரி ஆச்சு, ஒரு நாட்டுல பேச்சலர் முடிச்சுட்டு இன்னொரு நாட்டுல மாஸ்டர்ஸ் சேரறது சுலபமாச்சு. வெளிநாட்டு மாணவர் வந்தா ஃபீஸ் வருது. உலக ரேங்கிங் போடற கம்பெனிகள்ல சிலது வெளிநாட்டு மாணவர் எத்தனை பர்சன்ட், வெளிநாட்டு பேராசிரியர் எத்தனை பர்சன்ட்னு தனியா மார்க் போடுது. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு ஜீரணமே ஆகறதில்ல. வகுப்புல உட்கார்ந்திருக்கற பையனுக்குப் பாடம் புரிஞ்சுதான்னு எந்த ரேங்கிங்லயும் ஒரு கட்டம் கிடையாது, ஆனா அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன் எந்த பாஸ்போர்ட் வச்சிருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு.

புரியுதா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணவங்களும் இருக்காங்க. ஸ்வீடன்ல ஜான் ஏரி, செட்ரிக் லிண்டர்னு ரெண்டு பேர். அவங்க பண்ண ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில பாடம் ஸ்வீடிஷ்லயும் சில பாடம் இங்கிலீஷ்லயும் படிச்சிட்டு இருந்த பிசிக்ஸ் மாணவர்களை எடுத்துக்கிட்டாங்க. கூப்பிட்டு உட்கார வச்சு "எந்த மொழியில நடத்தினாலும் ஒண்ணுதானா?"ன்னு கேட்டா "ஒண்ணுதான், பெருசா வித்தியாசம் இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் அவங்க உட்கார்ந்திருந்த அதே வகுப்போட வீடியோவப் போட்டுக் காட்டி, இந்த இடத்துல உனக்கு என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. அப்பதான் ஒவ்வொண்ணா வெளிய வந்திருக்கு. இங்கிலீஷ் வகுப்புல கேள்வி கேக்கறது குறைஞ்சு போச்சு, ஆசிரியர் கேட்டா பதில் சொல்றதும் குறைஞ்சு போச்சு, நோட்ஸ் எழுத ஆரம்பிச்சா பாடத்தைப் பின்தொடர முடியல. எழுதறதா கேக்கறதான்னு ஏதாவது ஒண்ணைத்தான் பண்ண முடிஞ்சிருக்கு. சிலர் வகுப்புக்கு வர்றதே நோட்ஸ் எழுதத்தான்னு ஆகிட்டாங்க, புரிஞ்சுக்கற வேலைய ராத்திரி ரூம்ல போய் தனியா பண்ணிக்கறாங்க.

இதுல என்னைப் பயமுறுத்தறது அந்த "பெருசா வித்தியாசம் இல்ல"ங்கற பதில்தான். ஸ்வீடன் சாதாரண நாடு இல்ல, இங்கிலீஷ் நல்லா வரும்னு உலகமே ஒத்துக்கற நாடு. அங்கயே மாணவனுக்குத் தான் எதை இழக்கறோம்னு தெரியல. யுனிவர்சிட்டிங்க கோர்ஸ் முடிவுல ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்து "மொழி பிரச்சனையா இருந்துச்சா"ன்னு கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் டிக் அடிப்பாங்க, அதை வச்சு எல்லாம் சரியாத்தான் நடக்குதுன்னு அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு கோர்ஸை மாத்திடுவாங்க.

ஆசிரியர் பக்கமும் இதே கதைதான். எங்களுக்கு கடல்நீர்ல ஆக்சிஜன் எப்படிக் குறையுதுன்னு நடத்தின ஒருத்தர் இருந்தார், வகுப்புல ஸ்லைடை ஒட்டியே பேசுவார், ஸ்லைடுல இருக்கற வாக்கியத்தை விட்டு ரெண்டடி தள்ளிப் போக மாட்டார். நல்ல இங்கிலீஷ்தான், தப்பே வராது. ஆனா இடைவேளையில காரிடார்ல டேனிஷ் மாணவர்களோட நின்னு பேசும்போது அந்த மனுஷனே வேற. கதை சொல்லுவார், கையால அலை மாதிரி பண்ணிக் காட்டுவார், சுத்தி நிக்கறவங்க வாயைப் பொளந்து கேட்டுட்டு இருப்பாங்க. எனக்கு ஒரு எழுத்து புரியாது, ஆனாலும் அங்கதான் பாடம் நடக்குதுன்னு மட்டும் புரியும். உவமை, கிண்டல், சட்டுனு தோணற உதாரணம் இதெல்லாம்தான் இன்னொரு மொழிக்குப் போகும்போது முதல்ல கழண்டு விழுது. மிஞ்சறது டெஃபனிஷன். டெஃபனிஷன் புத்தகத்துலயே இருக்கே, அதுக்கு எதுக்கு ஒரு ஆசிரியர்?

இதை கோர்ட் வரைக்கும் கொண்டு போன கதை ஒண்ணு இருக்கு, மிலான் பாலிடெக்னிக். இத்தாலியில பேர் பெத்த இன்ஜினியரிங் யுனிவர்சிட்டி. 2014ல இருந்து மாஸ்டர்ஸ், பிஎச்டி எல்லாமே இங்கிலீஷ்ல மட்டும்தான்னு 2012ல அறிவிச்சாங்க. "மட்டும்"ங்கறதுதான் அங்க பிரச்சனையே. கிட்டத்தட்ட 100 பேராசிரியர்கள் சேர்ந்து கேஸ் போட்டாங்க, முன்னால நின்னது மரியா அகோஸ்தினா கபித்துன்னு அதே யுனிவர்சிட்டியில சட்டம் நடத்தற பேராசிரியை. 2013ல அந்த மாகாண நிர்வாகத் தீர்ப்பாயம் பேராசிரியர்கள் பக்கம் நின்னுச்சு, யுனிவர்சிட்டி மேல்முறையீடு போச்சு, கடைசியில விஷயம் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போய் 2017ல தீர்ப்பு வந்துச்சு. தனித்தனிப் பாடங்களை இங்கிலீஷ்ல நடத்தலாம், இத்தாலியன்ல இருக்கற கோர்ஸுக்குப் பக்கத்துலயே இங்கிலீஷ் கோர்ஸும் வச்சுக்கலாம், ஆனா ஒரு படிப்புப் பிரிவு முழுசையும் இத்தாலியன்ல படிக்கவே வழியில்லாம இங்கிலீஷ்ல மட்டும் வைக்கறது ஆகாதுன்னு. காரணமா சொன்னது மூணு விஷயம். இத்தாலியன் மொழிக்கு உரிய முதல் இடம், எல்லாருக்கும் சமமா உயர்கல்வி கிடைக்கணும்ங்கறது, ஆசிரியருக்குத் தான் எப்படி நடத்தணும்னு முடிவு பண்ற சுதந்திரம்.

அந்த ரெண்டாவது காரணத்தை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. இங்கிலீஷ் நல்லா வர்ற பிள்ளைங்க யாரு? ஸ்கூல்லயே நல்ல டீச்சர் கிடைச்சவங்க, லீவுக்கு வெளிநாடு போனவங்க, வீட்ல புத்தகம் இருந்தவங்க. கணக்குல புலியா இருந்தும் இங்கிலீஷ்ல தடுமாறற ஒரு இத்தாலியப் பொண்ணு சொந்த நாட்ல அரசு யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் படிக்க முடியாதுன்னா அது என்ன நியாயம்? அவங்க அப்பா அம்மா கட்டற வரியிலதானே அது நடக்குது.

நெதர்லாந்துல இதே மாதிரி ஒரு சங்கம் 2018ல மாஸ்ட்ரிக்ட், ட்வென்டே ரெண்டு யுனிவர்சிட்டி மேலயும் கேஸ் போட்டு தோத்துட்டாங்க. ஆனா பேச்சு அடங்கல. 2023ல அங்க கல்வி அமைச்சரா இருந்த ராபர்ட் டைக்ராஃப், பேச்சலர் படிப்புல மூணுல ரெண்டு பங்காவது டச்சுல இருக்கணும்னு ஒரு சட்ட வரைவு கொண்டு வந்தார். அவர் யாருன்னா கணித இயற்பியலாளர், அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல ஐன்ஸ்டைன் வேலை பார்த்த அதே உயர் ஆய்வு நிறுவனத்துக்கு பத்து வருஷம் டைரக்டரா இருந்தவர். இங்கிலீஷ் வராத ஆத்திரத்துல சொல்றாருன்னு அவரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சரி, என் கதைக்கு வர்றேன். தீசிஸ் நேரத்துல என் கூடப் படிச்ச ஒருத்தி, அன்னிக்கு மார்க்கரைப் பறிகொடுத்த அதே பொண்ணு, ஒரு ஃபியோர்டுல (கடல் உள்நாட்டுக்குள்ள நீளமா புகுந்திருக்கற இடம்) அடித்தண்ணியில ஆக்சிஜன் எப்படி இறங்குதுன்னு வேலை பண்ணிட்டு இருந்தா. வயல்ல போடற உரத்துல மிஞ்சின நைட்ரஜன் தண்ணியோட கடலுக்கு வந்து சேருது, அதைத் தின்னு பாசி பெருகுது, பாசி செத்து அடியில போய் அழுகுது, அழுகும்போது இருக்கற ஆக்சிஜனை எல்லாம் தின்னுடுது, மீன் ஓடிப்போகுது, ஓட முடியாத சிப்பியும் புழுவும் சாகுது. இங்கிலீஷ்ல ஹைபாக்சியா. அந்த ஃபியோர்டு கரையில இருக்கற மீனவங்களும் விவசாயிகளும் ஒரு கூட்டம் போட்டு, நீ கண்டுபிடிச்சதை வந்து சொல்லும்மான்னு அவளைக் கூப்பிட்டிருக்காங்க. டேனிஷ்ல பேசணும், அவ தாய்மொழி, அதுல என்ன கஷ்டம்?

கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி லேப்ல உட்கார்ந்து முழிச்சிட்டு இருந்தா. ரெண்டு வருஷம் படிச்சது அத்தனையும் இங்கிலீஷ் வார்த்தையாத்தான் மண்டையில இருக்கு. அடுக்கு பிரிஞ்சு நிக்கற தண்ணிக்கு டேனிஷ்ல என்ன, வண்டல்ல இருந்து சத்து திரும்பத் தண்ணிக்கு வர்றதுக்கு என்ன, ஒவ்வொண்ணா ஆன்லைன்ல தேடித் தேடி ஒரு பேப்பர்ல ரெண்டு பத்தியா எழுதிட்டு இருந்தா, இந்தப் பக்கம் இங்கிலீஷ் அந்தப் பக்கம் டேனிஷ். "என் சொந்த மொழியில நான் பத்தாவது படிக்கற பொண்ணு மாதிரி பேசறேன்"னா. கண்ணு கலங்கி இருந்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, நான் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்துட்டு வந்தேன்.

இதுல ஒரு விஷயம் என்னன்னா, அவளுக்கு வேண்டிய முக்கியமான வார்த்தை டேனிஷ்ல ஏற்கனவே இருக்கு, அதுவும் எல்லார் வாயிலயும் இருக்கு. இல்ட்ஸ்வின். ஆக்சிஜன் தீர்ந்து போறதுன்னு அர்த்தம். கோடை முடியற சமயத்துல அங்க செய்தியில அடிக்கடி வரும், சின்னப் பசங்களுக்கும் தெரியும். ஆக்சிஜனுக்கு டேனிஷ்ல இல்ட். இந்த வார்த்தை வானத்துல இருந்து குதிக்கல. மின்சாரம் போற கம்பி பக்கத்துல காந்த ஊசி திரும்புதுன்னு 1820ல கண்டுபிடிச்சாரே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், அவர் பண்ண வார்த்தை அது, தீயைக் குறிக்கற டேனிஷ் சொல்லுல இருந்து எடுத்து 1814ல உண்டாக்கினார். ஹைட்ரஜனுக்கு ப்ரின்ட், அது எரியறதைக் குறிக்கற சொல்லுல இருந்து. கோபன்ஹேகன் யுனிவர்சிட்டி பேராசிரியர், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, உட்கார்ந்து தன் மொழிக்கு வார்த்தை பண்ணிக் கொடுத்திருக்கார். அதனால 200 வருஷம் கழிச்சு ஒரு மீனவரும் ஒரு விஞ்ஞானியும் ஒரே வார்த்தைய வச்சு சண்டை போட முடியுது.

டச்சுலயும் அப்படித்தான். சைமன் ஸ்டீவின்னு 16ஆம் நூற்றாண்டு ஆள், கணிதத்துக்கு டச்சுல இன்னிக்கும் சொல்ற விஸ்குண்டேங்கற வார்த்தை புழக்கத்துக்கு வந்ததே அவரால. லேடன்ல 1600ல இன்ஜினியர்களுக்குன்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சப்போ பாடத்திட்டம் போட்டவரும் அவர்தான், வகுப்பு டச்சுல. யுனிவர்சிட்டின்னா லத்தீன்னு இருந்த காலம் அது. கோட்டை கட்டறவனுக்கும் நிலம் அளக்கறவனுக்கும் லத்தீன் தெரியாது, அவனுக்குத் தெரிஞ்ச மொழியில சொல்லிக் கொடுன்னு பண்ணாங்க.

லத்தீன் பேச்சை எடுத்தா உடனே ஒரு வாதம் வரும். அப்ப ஐரோப்பா பூரா லத்தீன்ல படிச்சாங்களே, இப்ப அந்த இடத்துல இங்கிலீஷ், இதுல என்ன புதுசுன்னு. நல்ல கேள்விதான். ஆனா லத்தீன் அப்ப யாருக்கும் தாய்மொழி இல்ல, எல்லாரும் ஒரே மாதிரி கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ் அப்படியா? ஒரு பக்கம் பிறந்ததுல இருந்தே பேசறவன், இன்னொரு பக்கம் வருஷக்கணக்கா செலவழிச்சுக் கத்துக்கிட்டவன், ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டப்பந்தயம். தட்சுயா அமானோவும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் 2023ல எட்டு நாட்டுல 908 ஆராய்ச்சியாளர்கள்கிட்ட கேட்டு எழுதினதுல, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களோட கட்டுரை மொழி காரணமாவே திருப்பி அனுப்பப்படறது தாய்மொழிக்காரங்களை விட ரெண்டரை மடங்கு அதிகம்னு வந்துச்சு. அதுவுமில்லாம லத்தீன் காலத்துல யுனிவர்சிட்டிக்குப் போனது ஊர்ல விரல் விட்டு எண்ணற அளவு ஆளுங்க. இன்னிக்கு பாதி ஊர் போகுது.

இதுக்கு எதிர்ப்பக்கம் நியாயமே இல்லன்னு நான் சொல்ல வரல. ஆராய்ச்சிய உலகம் படிக்கணும்னா இன்னிக்கு இங்கிலீஷ்லதான் எழுதணும். என் தீசிஸை டேனிஷ்ல எழுதியிருந்தா பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் போலந்துல அதே வேலை பண்றவங்களுக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது. ஆனா வெளியிடற மொழியும் கத்துக்கற மொழியும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது? 2008ல பிசிக்ஸ் நோபல் வாங்கின தோஷிஹிதே மஸ்கவா ஸ்டாக்ஹோம்ல நோபல் உரையை ஜப்பானிய மொழியிலதான் கொடுத்தார். இங்கிலீஷ் பேச வராதுன்னு வெளிப்படையா சொன்னவர், அதுவரைக்கும் வெளிநாடே போனதில்ல. அவரும் மகோதோ கோபயாஷியும் 1973ல எழுதின கட்டுரை மட்டும் இங்கிலீஷ்ல வந்துச்சு, ஜப்பான்லயே வர்ற ஒரு ஜர்னல்ல. படிச்சது ஜப்பானிய மொழியில, யோசிச்சது ஜப்பானிய மொழியில, கட்டுரை இங்கிலீஷ்ல. அணுக்கருவுக்குள்ள இருக்கற குவார்க்குங்கற துகளைப் பத்தி யோசிக்க அது போதுமா இருந்திருக்கு.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். பேச்சலர் படிப்பு அந்தந்த மொழியில இருக்கட்டும், அடித்தளம் போடற இடம் அது, அங்கதான் முட்டாள்தனமான கேள்வி கேக்கற தைரியம் வேணும். மாஸ்டர்ஸ்ல இங்கிலீஷ் வரட்டும், ஆனா அந்த நாட்டு மொழியும் கூடவே இருக்கட்டும். ஸ்கேண்டிநேவியாவுல இதுக்கு இணைமொழிக் கொள்கைன்னு ஒரு பேரே இருக்கு, ரெண்டு மொழியும் பக்கத்துல பக்கத்துல, ஒண்ணு இன்னொண்ணைத் தின்னாம. டென்மார்க் அரசு 2021ல இங்கிலீஷ் கோர்ஸ்களோட இடங்களைக் குறைச்சுது, 2023ல மாஸ்டர்ஸுக்கு மறுபடி கொஞ்சம் திறந்து விட்டுச்சு. ரெண்டு தடவையும் பேச்சு பெரும்பாலும் உதவித்தொகை எவ்வளவு செலவாகுது, கம்பெனிகளுக்கு ஆள் பத்துதா இல்லையாங்கறதுலதான் ஓடுச்சு. வகுப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பேசியிருக்கலாம்.

வெளியில இருந்து போற எங்களை மாதிரி ஆளுங்களும் செய்ய வேண்டியது இருக்கு. நான் மூணாவது செமஸ்டர்லதான் டேனிஷ் கிளாஸ் சேர்ந்தேன், முதல் நாளே சேர்ந்திருக்கணும். பேச வராட்டியும் பரவால்ல, கேட்டுப் புரிஞ்சுக்கற அளவு வந்தா போதும். குரூப்ல "நீங்க டேனிஷ்லயே பேசுங்க, எனக்குப் பிடிபடாத இடத்துல நான் நிறுத்தறேன், நான் இங்கிலீஷ்ல பதில் சொல்றேன்"னு சொல்லிடலாம். கடைசி செமஸ்டர்ல நான் அப்படித்தான் பண்ணேன். முதல் ரெண்டு வாரம் பாதி புரியல. மூணாவது வாரம் என் டேட்டாவைப் பத்தியே ரெண்டு பேர் போர்டுக்கு முன்னாடி நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க, நான் போட்டிருந்த கோட்டை ஒருத்தன் உள்ளங்கையால அழிச்சான்.

என் தீசிஸுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் டேனிஷ் சுருக்கம் இருக்கு. என் கோர்ஸ்ல அது கட்டாயம் இல்ல, நானா வச்சேன். அவதான் கூட உட்கார்ந்து திருத்திக் கொடுத்தா, மூணு நாள் ஆச்சு. கூட்டத்துக்கு முந்தின ராத்திரி அவ எழுதின அந்த ரெண்டு பத்திப் பேப்பரைத்தான் நடுவுல வச்சுக்கிட்டோம். அதுல இல்லாத வார்த்தை ஏழெட்டு வந்துச்சு, கீழ இடம் பத்தாம பின்பக்கம் திருப்பி எழுதினா.